மங்கிய காட்சியும் அதன் காரணங்களும்

வன்னி நாட்டு உழவன் ஒருவன் தன் வயலின் கடைமடையிலே பயிர் வாடக் கண்டால், குளம் வற்றிவிட்டது என்று உடனே முடிவு செய்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாய்க்காலின் கரை வழியே மேல்நோக்கி நடக்கிறான். ஓரிடத்தில் நண்டு வளையால் நீர் கசிந்திருக்கலாம். பிறிதோரிடத்தில் வாய்க்கால் தூர்ந்திருக்கலாம். துருசின் கதவு பாதியே திறக்கப்பட்டிருக்கலாம். இவற்றை எல்லாம் பார்த்த பின்னரே குளத்தின் நீர்மட்டத்தை ஆராய்கிறான். குளத்தில் இல்லாத நீரை எந்த வாய்க்காலும் கொண்டுவர இயலாது. உள்ள நீரை இடையில் வீணாக்காது கொண்டு சேர்ப்பதே வாய்க்காலின் தொழில்.

கணினியில் ஒளிப்பதிவுகளைத் தொகுக்கும் இளைஞர் பலர்க்கும் இத்தகைய இடர் ஒன்று நேர்வதுண்டு. கமராவில் தெளிவாயிருந்த காட்சி, தொகுப்பு மென்பொருளில் ஏற்றியவுடன் மங்கித் தோன்றுகிறது. அல்லது மென்பொருளில் நன்றாயிருந்த காட்சி, முடிந்த கோப்பாக வெளிவந்த பின் கட்டங்கட்டமாகச் சிதைந்து காணப்படுகிறது. அவ்வேளையில் சிலர் கமராவைப் பழிப்பர். வேறு சிலர், கூர்மை கூட்டும் கருவி, நிறங் கூட்டும் கருவி என மென்பொருளில் உள்ளவற்றை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவர். குறை எங்கே புகுந்தது என்று வாய்க்காற்கரை வழியே நடந்து பார்ப்போர் மிகச் சிலரே. அங்ஙனம் நடந்து பார்க்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியில் இதன் முதன்மை

இஃது ஒரு பொழுதுபோக்குக் கலையின் நுணுக்கம் மட்டுமே எனச் சிலர் கருதலாம். வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்வோர்க்கு அஃது அவ்வாறன்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊர்விட்டு ஊராக இடம்பெயர்ந்து, ஈற்றில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முதலிய முகாம்களில் தங்கினர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அவ்விடப்பெயர்வில் இழந்த வீட்டையும் மாட்டையும் நெல்லையும் பற்றிப் பலரும் பேசுவர். அவற்றோடு மணவிழா அல்பங்களும் ஒளிநாடாக் கசெற்றுகளும் அழிந்தன. மீண்டு வந்து வீடு கட்டியோருள், மறைந்த தாயின் குரலையோ நடையையோ பிள்ளைகளுக்குக் காட்டுதற்கு ஒரு துண்டுப் பதிவுதானும் இல்லாதோர் உளர்.

எனினும், அக்காலத்துப் பதிவுகளுட் சில வெளிநாட்டு உறவினரிடத்தே தப்பியிருக்கின்றன. மணவிழா, பூப்புநீராட்டு விழா, கோயிற் பொங்கல் ஆகியவற்றை ஒளிநாடாவில் எடுத்து, அதன் படியொன்றைக் கடல்கடந்த உறவினர்க்கு அனுப்புதல் நம்மவர் வழக்கம் அன்றோ? அப்படிகள் எண்ணிமக் கோப்புகளாக மாறிக் கைத்தொலைபேசி வழியே ஊருக்கு மீள்கின்றன. அவற்றைச் சீர்செய்து தருமாறு கணினி அறிந்த இளைஞரிடம் பெற்றோரும் பேரன் பேர்த்தியரும் கேட்கின்றனர். அக்கோப்பைத் தவறாகக் கையாள்பவர், ஒரு குடும்பத்திடம் எஞ்சிய ஒரே நினைவையும் தவறாகக் கையாண்டவராவார். ஆதலின் இந்நுணுக்கத்தை அறிதல் பொறுப்போடு கூடிய ஒரு கல்வியாகும்.

காட்சியின் அளவைகள்

குறையை ஆராயுமுன், காட்சி எவற்றால் அளக்கப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். கணினித் திரையில் தோன்றும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆயது. அப்புள்ளிகளின் தொகையே பிரிதிறன். பழைய வீசீடி இறுவட்டில் ஒரு படம் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகளை உடையது. இலங்கை, இந்தியா முதலிய நாடுகளில் வழங்கிய பால் முறைக்குரிய டீவீடியில் அது 720, 576 ஆகும். இன்றைய முழு உயர்தெளிவுக் காட்சி 1920, 1080 புள்ளிகளை உடையது. பெருக்கிப் பார்ப்பின், முதலாவதில் ஏறத்தாழ ஓர் இலட்சம் புள்ளிகளும், இரண்டாவதில் நான்கு இலட்சத்துக்குச் சற்று மேலும், மூன்றாவதில் இருபது இலட்சத்துக்கு மேலும் உள.

இரண்டாவது அளவை, ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது. இப்படம் ஒவ்வொன்றையும் சட்டகம் என்பர். பால் முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள். வட அமெரிக்காவிலும் யப்பானிலும் வழங்கிய என்ரிஎஸ்சி முறையில் 30 இற்குச் சற்றுக் குறைவு, அதாவது 29.97.

மூன்றாவது அளவையே பலரும் மறப்பது. அது பிற்று வீதம். ஒரு விநாடிக் காட்சியைக் குறிக்கச் செலவிடப்படும் தரவின் அளவு. 1920, 1080 புள்ளிகளை உடைய காட்சியை எவ்வித ஒடுக்கமும் இன்றி 25 சட்டகங்களாகச் சேமிப்பின், ஒரு விநாடிக்கே ஏறத்தாழ 1,244 மெகாபிற்று வேண்டும். அதனைச் சாதாரண வட்டிலோ கைத்தொலைபேசியிலோ வைத்தல் அரிது. ஆகவே கொடெக் எனப்படும் ஒடுக்கமுறைகள் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி, கண் எளிதில் உணராத நுண்மைகளை விலக்கி, அத்தரவை நூறில் ஒரு பங்காகச் சுருக்குகின்றன. 2003 இல் வெளிவந்த எச்.264, 2013 இல் வெளிவந்த எச்.265 ஆகியன இவ்வகையின. ஒருமுறை விலக்கிய நுண்மை மீண்டும் வாராது என்பதை ஈண்டு மனத்திற் பதித்தல் வேண்டும்.

முதற் சோதனை

குறை தோன்றியவுடன் செய்யவேண்டிய முதற் சோதனை மிக எளிது. தொகுப்பு மென்பொருளை மூடிவிட்டு, மூலக் கோப்பை வீஎல்சி போன்றதொரு காட்சிப்படுத்தும் மென்பொருளில் அதன் இயல்பான அளவில் திறந்து பார்த்தல் வேண்டும். மூலம் தெளிவாயிருப்பின், குறை தொகுப்பு மென்பொருளிலோ வெளியீட்டிலோ புகுந்தது. மூலமே மங்கலாயிருப்பின், குறை அதற்கு முன்னரே, பதிவிலோ படியெடுத்தலிலோ புகுந்தது. இச்சோதனை ஒன்றே நமது தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். அதனோடு, மீடியா இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் அக்கோப்பின் பிரிதிறன், சட்டக வீதம், பிற்று வீதம், கொடெக் ஆகியவற்றைப் படித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நன்று. மருத்துவர் நாடி பார்த்துக் குறிப்பெழுதுவதை ஒத்தது இது.

மூலம் தெளிவாயிருப்பின், கீழ்வரும் மூன்று இடங்களை முறையே ஆராய்தல் வேண்டும்.

முன்னோட்டச் சாளரம்

முதலாவது இடம், தொகுக்கும்போது காட்சியைக் காட்டும் முன்னோட்டச் சாளரம். கணினியின் ஆற்றல் குறைவாயின், காட்சி தடையின்றி ஓடும் பொருட்டு, மென்பொருள் முழுப் பிரிதிறனைக் காட்டாது அரைப்பங்கையோ காற்பங்கையோ காட்டுகிறது. அடோபி பிரீமியர், டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றிலும், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், சொட்கட் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. சிலவேளை மூலத்துக்குப் பதிலாகச் சிறிய பதிலிக் கோப்பொன்றை ஆக்கி அதனையே காட்டுவதும் உண்டு. இவ்விரு நிலைகளிலும் மங்கல் கண்ணுக்கு மட்டுமே உரியது, கோப்புக்கு உரியதன்று. முன்னோட்டத் தரத்தை முழு அளவுக்கு மாற்றி, பதிலியை நிறுத்தி, ஓட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். சாளரத்தின் உருப்பெருக்கம் நூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டிருப்பினும் படம் கலங்கித் தோன்றும்.

இதனை அறியாதார், இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார்போல், கூர்மை கூட்டும் கருவியை ஏற்றிவிடுகின்றனர். வெளியீடு முழுப் பிரிதிறனில் நிகழும்போது முகங்களின் விளிம்பில் வெண்கோடு படர்ந்து, உண்மையான குறை அப்பொழுதே பிறக்கிறது.

காலக்கோட்டின் அமைப்பு

இரண்டாவது இடம், துண்டுகளை வரிசைப்படுத்தும் காலக்கோடு. காலக்கோட்டின் அளவைகளும் மூலத்தின் அளவைகளும் ஒவ்வாதவிடத்துக் குறைகள் பல தோன்றும். அவற்றுள் ஐந்து பெரும்பான்மையாகக் காணப்படுவன.

ஒன்று, பிரிதிறன் ஒவ்வாமை. 1920, 1080 அளவுடைய மூலத்தை 1280, 720 அளவுடைய காலக்கோட்டில் இட்டுத் தொகுத்து, முடிவில் 1920 ஆக வெளியிட்டால், சுருக்கிய படத்தை மீண்டும் பெருக்கியவாறாகும். காலக்கோட்டை மூலத்தோடு ஒப்ப அமைத்தலே இதற்குத் தீர்வு.

இரண்டு, சட்டக வீத ஒவ்வாமை. கைத்தொலைபேசி விநாடிக்கு 30 சட்டகம் எடுக்க, காலக்கோடு 25 ஆக இருப்பின், ஒவ்வோர் ஆறு சட்டகங்களிலும் ஒன்று கைவிடப்படும். அம்மன் தேர் அசைந்து வரும் காட்சியில் அது சிறு சிறு துள்ளல்களாகத் தெரியும். அன்றியும், கைத்தொலைபேசிகள் பல, ஒளியின் அளவுக்கேற்ப வீதத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. இத்தகைய பதிவில் தவிலின் ஒலியும் தவில் வாசிப்போனின் கையும் சிறிது சிறிதாகப் பிரிந்துபோகும். ஹான்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் மாறா வீதமுடைய படியொன்றை உயர்ந்த தரத்தில் எடுத்து, அதனைக் கொண்டு தொகுத்தல் வேண்டும்.

மூன்று, இடைப்பின்னல். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் முழுதாக எடுக்கப்படவில்லை. முதலில் ஒற்றை எண் கோடுகளும், விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்து இரட்டை எண் கோடுகளும், அல்லது இவற்றின் தலைமாறாகவும், எடுக்கப்பட்டன. இவ்விரண்டு அரைப்படங்களையும் இன்றைய திரை ஒருங்கே காட்டும்போது, அசையும் கையின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தோன்றும். இதனைப் பழுதென்று எண்ணிப் படத்தைக் கலக்கி மறைத்தல் தவறு. மூலம் இடைப்பின்னல் உடையது என மென்பொருளுக்கு அறிவித்து, எவ்வரைப்படம் முந்தியது என்பதைச் சரியாகக் குறித்து, பின்னல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தின் அப்பற்கள் மறையும். இலவச மென்பொருளாகிய எஃப்எஃப்எம்பெக்கில் இதற்குரிய கருவிகள் உள. 50 அரைப்படங்களையும் 50 முழுச் சட்டகங்களாக விரித்துக் கொள்ளின், அசைவின் மென்மையும் பேணப்படும்.

நான்கு, புள்ளியின் வடிவம். பால் முறையில் 720, 576 எனப் பதிந்த படத்தின் புள்ளிகள் சதுரமல்ல. அகலம் சற்று மிக்கவை. அவற்றைச் சதுரமாகக் கொள்ளின் மணமக்கள் மெலிந்து நெடியராவர். அகலத்திரை முழுவதையும் நிரப்ப இழுத்தால் பருத்துக் குறுகுவர். நான்குக்கு மூன்று என்னும் பழைய அளவைப் பேணி, இருமருங்கும் கருமையை விடுதலே முறை.

ஐந்து, நிற அளவு. தொலைக்காட்சி வழக்கில் கருமை 16 எனவும் வெண்மை 235 எனவும் குறிக்கப்படும்; கணினி வழக்கில் அவை 0, 255 ஆகும். ஒன்றை மற்றொன்றாக மென்பொருள் கருதிவிடின், படம் சாம்பல் பூசியதுபோல வெளிறும். அல்லது கூந்தலின் இழைகள் ஒரே கருமையாகும். 2020 இல் வெளிவந்த ஐபோன் 12 வகை முதலாகச் சில கைத்தொலைபேசிகள் மிகுந்த ஒளிவீச்சுடைய வேறொரு முறையிலும் பதிகின்றன. அதனைச் சாதாரணக் காலக்கோட்டில் இடின், வெயிலிற் காய்ந்ததுபோல நிறம் கெடும். நிறத்தைத் திருத்த முனையுமுன் அம்முறையைச் சாதாரண முறைக்கு மாற்றுமாறு மென்பொருளுக்குக் கட்டளையிடல் வேண்டும்.

வெளியீடு

மூன்றாவது இடம் வெளியீடு. முன்னோட்டத்தில் தெளிவாயிருந்த காட்சி முடிந்த கோப்பில் கட்டங்கட்டமாகச் சிதையின், பெரும்பாலும் பிற்று வீதமே போதாதென்க. எல்லாக் காட்சிகட்கும் ஒரே அளவு தரவு வேண்டியதில்லை. ஒருவர் அசையாதிருந்து பேசும் காட்சி சிறிதளவு தரவோடு அமையும். ஆனால், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் நுரைத்துப் பாயும் காட்சியில், ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. காற்றில் அலைபாயும் நெல்வயலும் அத்தகையதே. முந்திய சட்டகத்தைக் கொண்டு அடுத்ததை ஊகிக்கும் ஒடுக்கமுறை ஈண்டுத் தோற்றுப்போகிறது. நேர்காணலுக்குப் போதிய பிற்று வீதம் வெள்ளத்துக்குப் போதாதது இதனாலேயே.

ஆகையால், நிலைத்த பிற்று வீதம் ஒன்றை இடுவதினும், தரத்தை நிலைநிறுத்தித் தரவை வேண்டியவாறு கூட்டிக் குறைக்கும் முறையைத் தேர்தல் நன்று. எக்ஸ்264 என்னும் கருவியில் இதற்குரிய எண் 0 முதல் 51 வரை செல்லும்; எண் குறையத் தரம் கூடும். இயல்பாக அமைந்திருப்பது 23. பேணிவைக்க வேண்டிய பதிவுக்கு 16 முதல் 18 வரை இடலாம். அளவு சிறிதாதல் வேண்டின், இருமுறை ஓடி ஆராயும் ஒடுக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒடுக்கிய கோப்பை மீண்டும் திறந்து தொகுத்து மீண்டும் ஒடுக்கின், ஒவ்வொரு முறையும் நுண்மை குறையும். படியின் படியை எழுதுவோன் பிழைகளைப் பெருக்குதல் போன்றது இது. தொகுப்பு வேலை முழுவதையும் மூலத்தைக் கொண்டே செய்து, ஒரே முறை வெளியிடுதல் வேண்டும். இடையில் ஒரு படி வேண்டுமாயின், புரோரெஸ், டீஎன்எக்ஸ்எச்டி போன்ற மென்மையான ஒடுக்கமுறைகளைக் கொள்ளலாம். யூரியூப் போன்ற தளங்கள் நாம் ஏற்றும் கோப்பைத் தாமும் ஒருமுறை ஒடுக்குவன. ஏற்றியவுடன் தாழ்ந்த தரமே முதலிற் காணப்படும்; உயர்ந்த தரம் சிறிது நேரம் கழிந்தே ஆயத்தமாகும். அதற்குள் மனஞ்சோர்ந்து கோப்பை அழித்துவிடல் தகாது.

மூலமே மங்கலாயின்

இனி, மூலக் கோப்பே மங்கலாயிருக்கும் நிலையை ஆராய்வோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, முள்ளியவளையில் ஒரு திருமணம் நடைபெறுகிறது. மினி டீவீ கமராவில் அது பதியப்படுகிறது. அந்நாடாவின் நுண்மை சிறந்தது. விநாடிக்கு 25 மெகாபிற்றுத் தரவை உடையது. அதிலிருந்து வீஎச்எஸ் கசெற்றில் ஒரு படி எடுக்கப்படுகிறது. வீஎச்எஸ் பதியும் நுண்மை ஏறத்தாழ 240 கோடுகளே. மினி டீவீயின் நுண்மையில் பாதிதான். அப்படி ரொறன்ரோவில் உள்ள தமையனாருக்குப் போகிறது. கனடாவில் என்ரிஎஸ்சி முறையாதலின், கசெற்று அங்குள்ள தொலைக்காட்சியில் ஓடும் பொருட்டு முறை மாற்றப்படுகிறது. 576 கோடுகள் 480 ஆகின்றன. 50 அரைப்படங்கள் ஏறத்தாழ 60 ஆக நீட்டப்படுகின்றன. சில ஆண்டுகள் கழித்து அது டீவீடி இறுவட்டாகிறது. மேலும் சில ஆண்டுகள் கழித்து, அவ்விறுவட்டைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, அத்திரையையே ஒருவர் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வாட்ஸ்அப் அதனை மீண்டும் ஒடுக்குகிறது. முள்ளியவளைக்கு மீண்டு வருவது முகம் அறியவொண்ணாத ஒரு நிழலே.

இந்நிழலைப் பெற்ற இளைஞன் அதனை எம்மென்பொருளில் இட்டாலும் பயன் சிறிதே. அவன் செய்யத்தக்கது யாதெனில், வாய்க்காற்கரை வழியே ஒரு படி மேலே நடத்தலாகும். கைத்தொலைபேசியிற் பிடித்ததற்குப் பதிலாக, இறுவட்டில் உள்ள கோப்புகளை அப்படியே பெயர்த்து, நிகழ்படமாக அன்றி ஆவணமாக இணைத்து அனுப்புமாறு தமையனாரைக் கேட்கலாம். ஆவணமாக இணைத்தது மறுபடி ஒடுக்கப்படாது. அதனினும் மேலாக, முறை மாற்றப்படாத முதற் கசெற்று எவரிடமேனும் உண்டோ என வினவலாம். இலண்டனிலோ சூரிச்சிலோ உள்ள உறவினரிடம் அதே திருமணத்தின் மற்றொரு படி இருக்குமாயின், அந்நாடுகளிலும் பால் முறையே வழங்கியமையால், அது முறை மாற்றம் அடையாததாயிருக்கும். ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ, ஒரு மாதம் இருந்து செய்யும் திருத்த வேலையினும் மிகுந்த தெளிவைத் தரக்கூடும்.

கசெற்றே கிடைப்பின் காலந்தாழ்த்தல் ஆகாது. காந்த நாடா வெப்பத்தாலும் ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் நாளுக்கு நாள் கெடுவது. வீஎச்எஸ் இயந்திரங்களை ஆக்கி வந்த கடைசி நிறுவனமாகிய யப்பானின் ஃபுனாய் 2016 சூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பூஞ்சணம் பற்றிய நாடாவைத் துப்புரவு செய்யாது இயந்திரத்தில் இடின், நாடாவும் கெடும். இயந்திரத்தின் வாசிக்கும் தலையும் அழுக்கேறிப் படம் முழுவதும் வெண்புள்ளி தூவும். நாடாவிலிருந்து பெயர்க்கும்போது, கோடுகளின் தள்ளாட்டத்தை நேராக்கும் கருவியை இடையில் இணைத்தல் பெரும்பயன் தரும். மினி டீவீ நாடாவாயின், அதற்குரிய ஃபயர்வயர் இணைப்பு வழியே தரவை உள்ளவாறே பெயர்த்தல் கூடும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 கிகாபைற்று இடம் வேண்டும்.

புதிதாகப் படம் எடுப்போர்க்கும் ஒரு சொல். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவில் நிகழ்வது. மங்கிய ஒளியில் கைத்தொலைபேசி தன் உணர்திறனை மிகக் கூட்ட, படமெங்கும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகள் சட்டகந்தோறும் மாறுவதால், ஒடுக்கமுறை தன் தரவை முகத்துக்குச் செலவிடாது அம்மணலுக்கே செலவிடும். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தை இரவிற் பதிவோர், ஆடுவோர் முகத்தில் ஒளி விழும் பக்கத்தில் நின்று, உருவை நெருங்கிச் சென்று எடுத்தல் வேண்டும். எண்ணிம முறையாற் பெருக்குதலை விலக்கல் வேண்டும். இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையதாதலின், குழல்விளக்கின் ஒளி விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். கமராவின் மூடியை விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என அமைத்தால், படத்தில் ஓடும் கருநிறப் பட்டைகள் நீங்கும்.

திருத்தத்தின் எல்லை

செய்யத்தக்கவை அனைத்தும் செய்த பின்னரும் மங்கல் எஞ்சுமாயின், மென்பொருளின் திருத்தக் கருவிகளை அளவோடு கையாளலாம். பின்னல் நீக்குதல், அடுத்தடுத்த சட்டகங்களை ஒப்பிட்டு மணற்புள்ளிகளைக் குறைத்தல், நிறச்சாய்வை நேராக்குதல், ஒளியைச் சிறிது உயர்த்துதல் ஆகியன பதிவில் உள்ளதை வெளிக்கொணர்வன. அவற்றை இவ்வரிசையிலே செய்து, கூர்மை கூட்டுதலைக் கடைசியாகவும் மிகச் சிறிதாகவும் செய்தல் வேண்டும்.

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றின் தொழிலை உணர்ந்தே அவற்றைத் தொடுதல் வேண்டும். பல்லாயிரம் முகங்களைக் கண்டு பழகிய அக்கருவி, பதினைந்து புள்ளி அகலமே உள்ள ஒரு முகத்தைக் காணுங்கால், இத்தகைய முகத்துக்கு இத்தகைய கண்ணும் வாயும் இருக்கக்கூடும் என்று ஊகித்து எழுதுகிறது. விளைவது அழகிய தெளிவான முகமே; எனினும் அது அவர் முகம் அன்று. கண்ணின் கோணலும் கன்னத்தின் தழும்பும் அதில் இல்லாமற் போகலாம்.

2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தம் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அமர்ந்திருந்ததை நாடு கண்டது. அத்தகைய தாயொருத்திக்கு, மங்கலான ஆயினும் தன் மகனுடையதேயாகிய முகத்தை எடுத்துவிட்டு, தெளிவான ஆயினும் எவனோ ஒருவனுடைய முகத்தைக் கொடுத்தல் எத்துணைக் கொடுமை! அன்றியும், பதிவொன்று பிற்காலத்தில் சான்றாகக் கொள்ளப்பட வேண்டி வரின், ஊகத்தால் எழுதிய முகம் அச்சான்றையே பழுதாக்கிவிடும். ஆதலின் அக்கருவிகளைப் பயன்படுத்துவோர், அங்ஙனம் செய்ததைக் குறித்து வைத்தலும், தொடாத மூலத்தை அதனோடு கொடுத்தலும் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றின் திரண்ட பொருள் இதுவே. மங்கலைக் கண்டவுடன் மருந்தைத் தேடாது, மங்கல் புகுந்த இடத்தைத் தேடுதல் வேண்டும். அவ்விடம் முன்னோட்டமாயின் அது மயக்கம். காலக்கோடாயின் அமைப்பைத் திருத்துக. வெளியீடாயின் தரவைக் கூட்டுக. வழிப்பயணமாயின் மேலும் நல்ல படியைத் தேடுக. மூலமாயின், உள்ளதை உள்ளவாறு பேணுக.

இவற்றோடு, எவ்வளவு மங்கலாயிருப்பினும் மூலத்தை அழித்தல் ஒருபோதும் ஆகாது. இன்று நம்மாற் களைய இயலாத பழுதை நாளை வருவோர் களையக்கூடும். ஆனால் அவர் கையில் மூலம் இருத்தல் வேண்டும். அதனை மூன்று படிகளாக்கி, இரு வேறு வகைச் சாதனங்களில் இட்டு, ஒன்றையேனும் வேறோர் ஊரில் வைத்தல் அறிஞர் கூறும் முறை. ஓரிடத்தில் வைத்தது ஒருங்கே அழிவதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் எரிவாலும், 2009 இன் இடப்பெயர்வாலும் நாம் அறிவோம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி இத்துறையில் நமக்கு நல்ல முன்மாதிரி.

வவுனியா வளாகம் 2021 ஆகத்து முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. இந்நிலப்பரப்பில் கணினி கற்கும் இளைஞர்க்குக் குறைவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் உள்ள ஒரு கசெற்றையேனும் ஓர் இறுவட்டையேனும் முறையாகப் பெயர்த்துப் பேணுவாராயின், வாடிய கடைமடைக்கு நீர் சேர்த்த உழவனின் மகிழ்ச்சியை அவர்களும் பெறுவர்.